கேப்டன் சாக வேண்டியிருந்தது

பல் டாக்டர்களுக்குப் பகடை நன்றாக விழும் மேடம். கை நடுங்காத தொழில் என்பதாலோ என்னவோ. எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், உருட்டினால் பெரிய எண்தான். குடும்ப ஆலோசகர் என்ற முறையில் நீங்கள் அவர்கள் இருவரின் சண்டைக்குக் காரணத்தை எங்கெங்கோ தேடுகிறீர்கள். அது இந்தப் பகடையில் இருக்கிறது.

ஞாயிறு மதியம் அவருடைய கிளினிக்கின் காத்திருப்பு அறையில் கூடுவோம். மாப்பிள்ளை, ஒரு லிஃப்ட் மெக்கானிக், ஒரு கணக்கு வாத்தியார், நான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி ஆடுகிற விளையாட்டு. நடத்துபவன் நான். உலகத்தைப் படைத்ததும் நான்தான். அங்கே விண்கலங்களை மந்திரவாதிகள் ஓட்டுவார்கள், இயந்திர மனிதர்களுக்குப் பேய் பிடிக்கும். சிரிக்காதீர்கள், வருடக்கணக்கில் உழைத்திருக்கிறேன்.

மாப்பிள்ளையின் பாத்திரம் கப்பல் கேப்டன். நிலவுகளைத் தின்னும் பூதத்தைத் தடுக்கப் போய் அவன் சாக வேண்டும். அதுதான் கதையின் உச்சம். அதற்காகவே மற்ற எல்லாவற்றையும் கட்டியிருந்தேன். ஆனால் பூதம் வாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இவர் பகடையை உருட்டுவார், பெரிய எண் விழும், கேப்டன் தலைமுடிகூடக் கலையாமல் வெளியே வருவான். மெக்கானிக் கைதட்டுவார். என் கதையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

அதனால்தான் அந்த உலகத்தை வேறொரு விளையாட்டு முறைக்கு மாற்றி எழுதினேன். புதிய முறையில் பகடையே கிடையாது. ஒரு பாத்திரம் சாக வேண்டுமானால், அதை ஆடுபவரே தன் வாயால் "விட்டுவிடுகிறேன்" என்று சொல்ல வேண்டும். இன்னும் கஷ்டமாயிற்றே என்று வாத்தியார் கேட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பகடை யார் பேச்சையும் கேட்காது, மனிதர்கள் கேட்பார்கள்.

பழைய முறையில் உடல் வலிமைக்கு ஓர் எண் இருந்தது. புதியதில் அதற்குப் பதில் ஒரு கேள்விதான்: இவன் எதை இழந்தால் உடைவான்? மாப்பிள்ளை யோசிக்கவே இல்லை. "வீட்டுல ஒருத்தி காத்துட்டிருக்கான்ற நெனப்பு, மச்சான்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, என் தங்கையாயிற்றே. எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது.

கேப்டனுக்காகக் காத்திருக்கும் ராணியாகப் பேசுவது என் பொறுப்பு. ஆரம்பத்தில் அவள் பேச்சு சவசவவென்று இருந்தது. தங்கை எனக்கு அடிக்கடி போன் செய்வாள். ஒருநாள் புலம்பினாள்: "ஊர்ல இருக்கறவங்க வலியெல்லாம் உக்காந்து கேக்கறாருண்ணா. என் வலியைக் கேக்க மட்டும் அவருக்கு நேரமில்ல." அந்த ஞாயிறு ராணி சொன்னாள்: "ஏழு கிரகங்களின் வலியைக் கேட்கிறாய் கேப்டன். என் வலியைக் கேட்க மட்டும் உனக்கு நேரமில்லை." மாப்பிள்ளை டீ கப்பைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இது யார் சொன்னது மச்சான்?"

"ராணி சொன்னது" என்றேன்.

"ராணி இப்பல்லாம் ரொம்ப நல்லா பேசறாங்க" என்று மெக்கானிக் பாராட்டினார். அதன்பிறகு தங்கை சொன்னதையெல்லாம் கிரகத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொடுத்தேன்.

ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் அது முழுமையான வேலை ஆகாது. கொள்ளையர்களை ஏமாற்ற ஒருமுறை கேப்டன், "எனக்கென்று ஒரு வீடே இல்லை" என்றான். அன்று மாலை தங்கை வழக்கம்போல, இன்று என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். "எனக்குன்னு ஒரு வீடே இல்லன்னு எல்லார் முன்னாடியும் சொன்னாரும்மா" என்றேன்.

"எங்க வீட்டைப் பத்தியாண்ணா?"

"அது எனக்கு எப்படிம்மா தெரியும்?"

கவனியுங்கள் மேடம், ஒரு பொய்கூட இல்லை. சொன்னதைத்தான் சொன்னேன்.

அவள் அவரிடம் பேச்சைக் குறைத்தாள். வீட்டில் நடப்பதையெல்லாம் இவள் வெளியே சொல்கிறாள் என்று அவருக்குக் கோபம், தன்னை ஊர் முன்னால் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அவளுக்கு ஆற்றாமை. இரண்டு பேருமே ரோஷக்காரர்கள். நேருக்கு நேர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் உழைப்பெல்லாம் பாழாகியிருக்கும். நல்லவேளை, இருவரும் என்னிடமே கேட்டார்கள்.

ஒரு ஞாயிறு மாப்பிள்ளை சவரம் செய்யாமல் வந்தார். பூதம் வாயைத் திறந்தது. கேப்டன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: "போதும் மச்சான். யாரும் காத்துட்டில்ல. விட்டுடறேன்."

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான். அவ்வளவு அருமையான சாவு, ஒரு சொல் கூடுதல் இல்லை. அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போகவில்லை என்பது எனக்கு மறுநாள்தான் தெரியும். யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை, அவர் வாயால் சொன்னது. விதியே அதுதான்.

இருவரையும் உட்காரவைத்து உண்மையைச் சொன்னால் சேர்ந்துவிடுவார்கள் என்கிறீர்கள். நியாயம்தான். சொல்லக் கூடாதென்று எனக்கென்ன பிடிவாதமா? கூடப் பிறந்தவள் மேடம், அவளுக்காக நான் எதையும் செய்வேன். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். தனியாக உட்கார்ந்து உருகுகிறாளே என்று, மேசையை எங்கள் கூடத்துக்கு மாற்றி அவளையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். கேப்டனை இழந்த ராணியாக அவளே ஆடுகிறாள். போன வாரம் அவள் அழுததைத் தாங்க முடியாமல் வாத்தியார் எழுந்து வெளியே போய்விட்டார். அப்படியொரு அழுகையை எந்த விதிப்புத்தகத்தாலும் கொண்டுவர முடியாது.

கதை முடிந்ததும் நானே நேரில் போய் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். எப்போது முடியும் என்று இப்போதே சொல்ல முடியாது மேடம். அவள் எவ்வளவு நாள் இப்படி அழுவாள் என்பதைப் பொறுத்தது.