இன்னிக்கு எங்க ஊட்டுப் பாடு

இன்னாது, நாளையிலேர்ந்து வரமாட்டியா? இரு இரு, மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணு. அது தடதடன்னு கத்துறதுல எனக்கு ஒண்ணும் காதுல வுழல. ஆங், இப்ப சொல்லு. வரமாட்டியா? ஏண்ணே, எங்க குப்பம் உன்ன இன்னா பண்ணிச்சு?

வியாபாரம் ஆவலியா? வாய் கூசாம பொய் சொல்றியே. வர சொல்லோ வண்டி நெறைய காய் கீது, போ சொல்லோ வெறும் சாக்கு தான் கீது. ஒரு கொத்தமல்லித் தழைய திரும்ப எடுத்துகினு போயிருப்பியா? மீன் புடிக்கிற ஊர்ல வந்து முள்ளங்கிய வித்து தீத்துட்டுப் போற ஒரே ஆளு நீ தான். அதுவும் மொத்த வண்டியும்.

சரி, இந்தா, இத்த புடி. டம்ளரு சுடும், துணியோட புடி. குடிச்சிட்டு அப்பால பேசு. இந்தப் பனியில விடிகாலைல கெளம்பி வந்துகீற, காது ரெண்டும் செவந்து கெடக்குது. டீ இல்ல. இத்தினி நாளு டீ குடுத்தேன், இன்னிக்கு சூப்பு. பயப்படாத, நண்டு கிண்டு ஒண்ணும் இல்ல. எல்லாம் உன் வண்டி முள்ளங்கி தான். குடி.

எங்க ஊர்ல சூப்புன்னா அது நண்டு சூப்பு தான்ண்ணே. சளி புடிச்சா நண்ட நசுக்கி மெளகப் போட்டு ஒரு கொதி. காயில சூப்பு வெப்பாங்கன்னு இந்த வயசுல தான் நா கத்துகினேன். எல்லாம் எங்க மருமவ வந்த நேரம். அது வயக்காட்டுப் பக்கத்துப் பொண்ணு. எங்க விக்கி பொன்னேரி பஸ்ஸுல பாத்துப் புடிச்சது. எத்தினி வல போட்டானோ, எனக்குத் தெரியாது. கேட்டா அதுவா வந்து மாட்டிகிச்சுன்றான். அது என்னாடான்னா, நா மாட்டல அத்த, நா தான் புடிச்சேன்னு சிரிக்குது.

வந்த புதுசுல மடவ மீன் கொழம்புன்னா அப்டித் துன்னும். சட்டிய வழிச்சி நக்கிட்டு தான் எழுந்துக்கும். இப்ப மாசமா கீதா... இன்னாண்ணே, டம்ளர கீழ வெச்சிட்ட? சூடா? ஊதிக் குடி. மாசமா கீதா, மீனு வாடையே ஆவல. மீன் புடிக்கிற ஊட்ல மீன் வாட ஆவலன்னா எங்க போவ நீ? காத்தடிச்சா வாட, கதவ சாத்துனா வாட. எங்க ஊட்டுக்காரரு ஏரியில இருந்து வந்தா வாசல்லயே குளிச்சிட்டு, சட்டைய தெருக்கோடியில காயப்போட்டுட்டு, விருந்தாளி மாறி உள்ள வராரு. விக்கி பாவம், கட்டுன பொண்டாட்டிகிட்ட பத்தடி தள்ளி நின்னு பேசுறான்.

மூணு மாசத்துல நின்னுடும்னாங்க. அஞ்சாவுது, நிக்கல. சோத்தப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கும். கண்ணு குழி வுழுந்துபோச்சு. நா நர்சம்மாகிட்ட ஓடுனேன். நர்சம்மா தான் காய் சூப்பு வெச்சிக் குடுங்கன்னாங்க. எனக்கு இன்னா தெரியும்? முள்ளங்கிய வெட்டித் தண்ணியில போட்டேன். கொதிக்கச் சொல்லோ, டப்பாவுல இருந்த சென்னாக்குனிய ஒரு புடி அள்ளிப் போட்டுட்டேன். அதான்ண்ணே, பொடி எறா, காயவெச்சது. தெரிஞ்சி போடல. கொதிக்கிற தண்ணியக் கண்டா இந்தக் கை அந்த டப்பாவத் தான் தேடும், அப்டிப் பழகிப்போச்சு. மருமவ டம்ளர மூக்காண்ட கொண்டுபோச்சு, வெச்சிட்டுப் பின்பக்கம் ஓடிச்சு.

திரும்பி வந்து ஒரு ஸ்டூலப் போட்டுகினு அடுப்பாண்ட குந்திகிச்சு. அத்த, நவுருங்கன்னுச்சு. முள்ளங்கிய சன்னமா அரிஞ்சி, அதோட எலையையும் வுடாம போட்டு, வெங்காயம் பூண்ட நல்லெண்ணெயில வதக்கி, பருப்பு வேவ வெச்ச தண்ணிய ஊத்துச்சு. மெளகும் சீரகமும் எறக்குறப்ப தான் தட்டணுமாம், முன்னாடியே தட்டி வெச்சா வாசன ஓடிப்பூடுமாம். கடைசில ரெண்டு சொட்டு எலுமிச்ச. ஊடே கமகமன்னு ஆயிடுச்சு. அன்னிக்கு தான் ஒரு டம்ளரு முழுசா குடிச்சி, அது வயித்துல நின்னுச்சு. நா சாமி படத்தாண்ட போயி அழுதேன்.

யாருடி உனக்கு இத்த கத்துக்குடுத்ததுன்னு கேட்டேன். எங்க நைனான்னுச்சு. அம்மா சின்ன வயசுலயே பூட்டாங்களாம். மார்கழி பனியில தோட்டத்துக்குத் தண்ணி பாச்சிட்டு வந்து, அன்னிக்கு எது கைக்கு வந்துச்சோ அத்தப் பறிச்சி, அந்த மனுசன் சூப்பு வெச்சிட்டு தான் பொண்ண எழுப்புவாராம். அவரக்காயிலயும் வெப்பாராம், கீரத்தண்டுலயும் வெப்பாராம். ஆம்பள வெச்ச சூப்புலயே வளந்த பொண்ணுண்ணே அது. நா அப்டியே திரும்பி எங்க ஊட்டுக்காரரப் பாத்தேன். மனுசன் மெதுவா எழுந்து வெளிய பூட்டாரு.

இன்னா, தலையக் குனிஞ்சிகினே கீற? நல்லா இல்லியா? நல்லா கீதா. இருக்கும், இருக்கும். இரு, இன்னும் கொஞ்சூண்டு ஊத்துறேன்.

அவசரப்படாதண்ணே. இந்த ஊர்ல இத்தினி காய யாரு துன்றாங்கன்னு ஒரு நாளாவது யோசிச்சியா? யோசிச்சிருக்க மாட்ட. கார்த்திக தீபம் முடிஞ்ச கையோட மொத மொத வந்த. அன்னிக்கு இன்னா ஆச்சுன்னு ஞாபகம் கீதா? பொம்பளைங்க முட்டகோச எடுத்து எடுத்துப் பாத்துட்டு வெச்சிட்டுப் பூட்டாங்க. நா வாங்குன முள்ளங்கியத் தவுர, வந்த காய் வந்த மாறியே திரும்பிப் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே நா செவ்வந்தி ஊட்டுக்குப் போனேன். பக்கத்து ஊடு, அது சொன்னா தெருவே கேக்கும். இந்த வண்டி தெனம் நம்ம ஊருக்கு வரணும், அதுக்கு ஒரு வழி பண்ணுன்னேன்.

ஏரியில எறா புடிக்க எங்க ஆம்பளைங்க பாடு போடுவாங்க, தெரியுமா? இந்த எடத்துல இன்னிக்கு இவன் வல, நாளிக்கு இன்னொருத்தன் வல. மொறை. ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் எறங்கமாட்டான், தன் பாட்டு நாள யாரும் வுடவும் மாட்டான். அதே மாறி காய் வண்டிக்குப் பாடு போட்டுடலாம்னுச்சு செவ்வந்தி. அவங்க அவங்க பாட்டு நாள்ல, வண்டில மிச்சம் கீற காய் அத்தினியும் அந்த ஊட்டோடது. புழுவு கீது, முத்திப்போச்சுன்னு சாக்கு சொல்லக்கூடாது. கடைசி காம்பு வரைக்கும் வாங்கிடணும்.

சிரிக்காத. பட்ட எங்களுக்குத் தான் தெரியும். செவ்வந்தி பாட்டு அன்னிக்கு நீ மலை மாறி பரங்கிக்காயா எடுத்தாந்த. அது யூடூப்பப் பாத்து சோளமாவு கலக்கி சூப்பு வெச்சுது. சுவத்துல நோட்டீசு ஒட்டலாம், அப்டி வந்துச்சு. செவ்வந்தி ஊட்டுக்காரன் வலைய தெச்சிகினே பொலம்புறான், நாம புடிக்கிற எறாவ எந்தெந்த தேசத்துலயோ துன்றாங்க, நாம குந்திகினு பீட்ரூட்டு துன்றோம்னு. ஒருத்தன் ஊட்டுக்கு வராம படகுலயே படுத்துகினான். அவன் பொண்டாட்டி தூக்குல சூப்ப எடுத்துகினு படகாண்டயே பூட்டா.

அப்பால தான் இந்த வாடக்காத்து அடிக்க ஆரம்பிச்சுது. ஏரியில இருந்து வர சொல்லோ பல்லு கிட்டி வராங்க. வந்ததும் கையில ஒரு டம்ளரு சூட்டோட குடுத்தா யாரு வாணான்றா? ஒவ்வொருத்தனா வழிக்கு வந்தான். எங்க ஊட்டுக்காரரு இப்ப பிளாஸ்குல ஊத்திகினு போறாரு. ஏரி நடுவுல நின்னுகினு கவர்னரு மாறி சூப்பு குடிக்கிறாராம். இன்னிக்கு இன்னா காயின்னு ஆம்பளைங்களே கேக்குறானுங்க. கெட்ட பயக்கம் ஆயிடுச்சு.

நீ இப்ப கேப்ப, ஒரு புள்ளத்தாச்சிக்கு அர கிலோ முள்ளங்கி போதாதா, இதுக்கா ஊரே மெனக்கெட்டீங்கன்னு. சரியான கேள்வி. காய் பழவேற்காடு மார்க்கெட்டுலயே கெடைக்கும். விக்கி வண்டிய எடுத்தா ஒரு நிமிசம். நாங்க காய்க்காகப் பாடு போடலண்ணே.

மொத நாளு உன் வண்டி முனையில திரும்புச்சு பாரு. அந்த ஸ்பீக்கருல ஒரு பொண்ணு கொரலு. முள்ளங்கி, அவரக்கா, சொரக்கா, தோட்டத்துக் காய் வாங்கம்மா வாங்கன்னு. நா உள்ள துணி மடிச்சிகினு இருந்தேன். இன்னாடா இது, நம்ம சுபா எப்ப வெளிய போச்சு, வயித்துப்புள்ளக்காரி தெருவுல எதுக்குக் கத்திகினு கீதுன்னு பதறிப்போயி ஓடி வரேன், அது அடுப்பாண்ட நிக்குது. வாயத் தொறக்கல. கொரலு மட்டும் தெருவுல வருது.

எங்க நைனா தான் அத்தன்னுச்சு. காலேஜி படிக்க சொல்லோ அதுவே பேசி உன் போன்ல புடிச்சிக் குடுத்ததாமே. இன்னும் அழிக்கலியா அந்த மனுசன்னு சொல்லிகினே அப்டியே கீழ குந்திகிச்சு.

எனக்குக் கோவம் வந்துச்சுண்ணே, மறைக்க மாட்டேன். உப்புத்தண்ணி ஊருக்குப் பொண்ணக் குடுக்குறதுக்கு கெணத்துல தள்ளிடலாம்னு சொன்ன வாயி இது. ரிஜிஸ்டர் ஆபீசு கல்யாணத்துக்குக் கூப்புட ஆளு அனுப்புனோம், வரல. ஒண்ணர வருசமா ஒரு போன் இல்ல. இன்னிக்கு இருக்கு அந்தாளுக்குன்னு முந்தானைய சொருவிகினு கெளம்புனேன். அது என் கையப் புடிச்சிகிச்சு. நீங்க போயி கேட்டா நைனா வண்டிய திருப்பிகினு பூடும் அத்த. கோவத்துல இல்ல, வெக்கத்துல. நா எதுக்க போயி நின்னாலும் அப்டித் தான். அப்பால எந்நாளும் வராது. அதுவா இறங்கி வர்ற வரைக்கும் வந்துகினே இருக்கட்டும்னுச்சு. அப்ப பாத்தேன் அது மூஞ்ச. என் கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

ஊர் பூரா தெரியும்ண்ணே. அந்தக் கொரல இங்க தெனம் கேக்குறவங்க தான எல்லாரும்? தராசு புடிக்கிறவன் தராசப் பாக்கணும். நீ எங்க ஊட்டு சந்துப் பக்கமே பாத்துகினு, ஒரு கிலோ அவரக்கா கேட்டா ரெண்டு கிலோவப் போடுற. மீஞ்சூர் மார்க்கெட்ட ஊட்டாண்ட வெச்சிகினு, அத்தத் தாண்டி ஒருத்தன் கடல் ஓரத்துல வந்து முள்ளங்கி விக்கிறானே, இவனுக்கு முள்ளங்கியா பிரச்சினைன்னு செவ்வந்தி வுழுந்து வுழுந்து சிரிக்கும்.

இத்தினி நாளு வந்தோமே, அது ஒரு தபா கூட வெளிய வந்து எட்டிப் பாக்கலியேன்னு நெனச்சிட்ட. அதான நாளையிலேர்ந்து வரமாட்டேன்ற? அது எட்டிப் பாக்காத நாளே இல்ல. சந்துல மூணாவது ஊடு, பச்ச ஜன்னலு. உன் வண்டி போற வரைக்கும் அங்க தான் நிக்கும். நைனா எளச்சிப்போச்சு, நைனா முட்டியப் புடிச்சிகினு எறங்குதுன்னு எங்கிட்ட வந்து சண்டைக்கு நிக்கும், என்னமோ நா தான் உன் முட்டிய ஒடச்ச மாறி. தை பொறந்தா ஏழாம் மாசம். வளகாப்பு வெக்கணும். பொறந்த ஊட்டு வளையலுக்கு நா எந்தக் கடையில போயி நிப்பேன், சொல்லு?

சொல்லமாட்டேன்னு அதுகிட்ட சத்தியம் பண்ணிட்டு தான் வந்தேன். இன்னிக்குப் பனி ஜாஸ்தியா கீது அத்த, ஒரு டம்ளரு குடுத்துட்டு வாங்க, நீங்க வெச்சதுன்னு சொல்லிடுங்கன்னுச்சு. விடிகாலைல என்னையும் எழுப்பாம எழுந்து, அதுவே அரிஞ்சி அதுவே வதக்குனது. நானும் சொல்லாம தான் இருந்திருப்பேன். வரமாட்டேன்னு சொல்லி நீங்க தான் என் வாயக் கெளறிட்டீங்க.

வண்டியப் பத்திக் கவலப்படாதீங்க. இன்னிக்கு எங்க ஊட்டுப் பாடு, எல்லாக் காயும் எங்களுது. செவ்வந்தி எறக்கிக்கும். இல்ல, அந்த டம்ளர எங்கிட்ட நீட்டாதீங்க. நா வாங்கமாட்டேன். சூப்பு வெச்சவ கையிலயே குடுங்க சம்பந்தி. போங்க, கதவு தொறந்து தான் கீது. அழுவுறதுன்னா உள்ள போயி அழுவுங்க, இங்க பொம்பளைங்கல்லாம் பாத்துகினு கீறாங்க.