பழனிச்சாமியின் திருத்தங்கள்

ஊட்டிக் குளிரில் டீயை ஆறவிட்டுக் குடிப்பவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை. எடுத்துக்கொள்ளுங்கள் மேடம், நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நல்ல டீ கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் முன்பே வந்திருப்பேன்.

என் கடையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் போன வாரம் நீங்கள் வந்த வேலை வேறு, நிதானமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். காலேஜுக்குப் போகும் ஏற்றத்தில், பேக்கரிக்கு மேல் மாடி. முன்னறையில் இசைத்தட்டு விற்பனை. பின்னறை உட்கார்ந்து கேட்பதற்கு. ஒரு பிளேயர், இரண்டு பழைய ஸ்பீக்கர்கள், நீளமாக ஒரு சோபா, விற்காத அரிய தட்டுகளுக்குக் கதவு போட்ட ஒரு அலமாரி. நாங்கள் படித்த காலத்தில் அதே மாடியில் வேலன் அண்ணன் கடை வைத்திருந்தார். பிடித்த பாட்டுகளைச் சொன்னால் தட்டிலிருந்து கேசட்டில் பதிந்து தருவார். கையில் காசில்லாத ஹாஸ்டல் பையன்கள் சுவரோரம் நின்று சும்மாவே கேட்கலாம். ஊசி தட்டில் இறங்கியதும், பாட்டு தொடங்குவதற்கு முன்னால் சின்னதாக ஒரு கரகரப்பு வருமே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பசி மறந்துவிடும். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த மாடியையே வாடகைக்குப் பிடித்தேன். மனைவி மக்கள் என்று எனக்கு யாருமில்லை, தடுப்பதற்கும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் சேரும். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்க மலையேறி வந்த பிள்ளைகள், காலேஜ் மாணவர்கள், விடுமுறைக்கு வந்து தங்கும் கோயமுத்தூர்க்காரர்கள். எல்லோருக்கும் டீயும் கீழே பேக்கரியில் சுட்ட வர்க்கியும் உண்டு. பாட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒரு பக்கம் முடிந்து தட்டைத் திருப்பிப் போடுவேன் பாருங்கள், அந்த இடைவெளியில் மட்டும் ஒரு பழைய கதை சொல்வேன். சத்தியமாகச் சொல்கிறேன், பாதிப் பேர் கதைக்காகத்தான் வந்தார்கள். சுகுணா என்று ஒரு காலேஜ் பெண், போனில் பதிவுகூடச் செய்வாள். "அங்கிள், அந்தக் குடைக் கதைய இன்னொருக்கா சொல்லுங்க" என்பாள். வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா.

குடைக் கதை சின்னதுதான். எங்கள் வகுப்பு ரேணுகா மழைக்குக் கடையில் ஒதுங்கினாள். வேலன் அண்ணன் ஒரு பாட்டுப் போட்டார். அதைக் கேட்டு அவள் அழுதாள். நான் என் குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே ஹாஸ்டலுக்குப் போனேன். அவ்வளவுதான்.

இந்த நேரத்தில்தான் பழனிச்சாமி வந்து சேர்ந்தான். ஹாஸ்டலில் என் அறைத் தோழன். வடக்கே ராணுவத் தளவாட ஆலையில் காலம் தள்ளிவிட்டு, ஓய்வு பெற்று, அருவங்காட்டில் தம்பி குடும்பத்தோடு இருக்க வந்துவிட்டான். தங்கமான மனிதன், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. கடையைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். அடுத்த ஞாயிறே கூட்டத்தில் முன்னால் வந்து உட்கார்ந்தான். நான் தட்டைத் திருப்பிக்கொண்டே குடைக் கதையைச் சொல்லி முடித்தேன்.

"ஏனுங்க, இவன் சொல்றத நம்பாதீங்க," என்றான் கூட்டத்தைப் பார்த்து. "அது என்ற குடைங்க. இவன் அன்னைக்குக் காய்ச்சல்னு ரூம்ல போத்திப் படுத்திருந்தான். நாந்தான் நனைஞ்சுக்கிட்டே வந்து இவங்கிட்டச் சொன்னேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் மண்சரிவுக் கதை. மலைப்பாதை அடைபட்டு, கரண்டும் போய், லாரி பேட்டரியில் பிளேயரை ஓட்டி நாள் முழுக்க நாங்கள் பாட்டுக் கேட்ட கதை. பேட்டரியைத் தோளில் தூக்கி வந்தது நான்.

"டேய் ஹரி, நீ எங்கடா தூக்குன?" என்றான் பழனிச்சாமி. "நீ பர்லியார்ல பஸ்ஸோட மாட்டிக்கிட்டு மங்குஸ்தான் பழமாத் தின்னுட்டு உக்காந்திருந்த. வயித்து வலியோட வந்து எறங்குனியே, மறந்துட்டயா?"

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாவம். அவனுக்கு ஞாபகம் அப்படி. ஞாயிற்றுக்கு ஒரு கதையாகப் போய்க்கொண்டே இருந்தது. தட்டைத் திருப்பும்போது கூட்டம் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தது. ஒருநாள் சுகுணா போனை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

தனியாகச் சொல்லிப் பார்த்தேன். "பழனி, கதைதானப்பா. உட்டுரு."

"அதெப்படிடா? நடந்தத நடந்தபடி சொல்லோணுமல்ல? சின்னப் புள்ளைக கேக்குதுக," என்றான். பிறகு அவனுக்கே ஒரு யோசனை வந்து முகமெல்லாம் சிரிப்பானது. "ஒண்ணு பண்றேன். ரேணுகா கோத்தகிரிலதான் இருக்குதாமா. வர்ற ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வந்தர்றேன். குடை யாருதுன்னு அதே சொல்லட்டும்." என் முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

அவள் வந்து அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும் மேடம்? ஒரு காய்ச்சல், ஒரு வயிற்று வலி. அவற்றை வைத்துக்கொண்டு ஒருவன் யாரைக் கூட்டி உட்கார வைத்துக் கதை சொல்ல முடியும்? அறுபது வயதுக்கு மேல் புதிதாக ஒரு இளமைக்கு நான் எங்கே போவேன்? நீங்களே சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். எதிர்க் கட்டிடம் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தது. பிரியாணி அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது. சாப்பிட்டதும் சோபாவில் ஒரு குட்டித் தூக்கம் போடுவது அவன் வழக்கம். குளிருகிறது என்றான். கும்முட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்துக் கொண்டுவந்து அறைக்குள் வைத்தேன். போர்வையும் போர்த்திவிட்டேன். "நல்லா இருடா ஹரி," என்றான் கண்ணை மூடிக்கொண்டே. அது என்னை என்னவோ செய்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஜன்னலைச் சாத்தினேன். ஈரக்காற்று உள்ளே வந்தால் அலமாரியில் இருக்கும் தட்டெல்லாம் பூசணம் பிடித்துவிடும் என்று அன்றைக்கு உங்களிடம் சொன்னேனே, இந்த ஊரில் இசைத்தட்டு வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். கதவையும் சாத்திவிட்டுக் கீழே பேக்கரியில் போய் உட்கார்ந்தேன். விளக்குப் போடும் நேரத்துக்குத்தான் மேலே போனேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். கும்முட்டியைப் பார்த்தீர்கள், இந்த மலையில் குளிருக்குக் கரி மூட்டிச் சாகிறவர்கள் வருஷத்துக்கு ஒருவராவது உண்டு என்றீர்கள். என்னிடம் மிகவும் அன்பாக நடந்துகொண்டீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

துக்க வீட்டுக்கு ரேணுகா வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஓரமாகக் கூப்பிட்டு, குடையைப் பற்றி மெதுவாகக் கேட்டேன்.

"குடைங்களா? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்களே," என்றாள். "அந்தக் கடைக்குள்ள நான் வந்ததே இல்லைன்னு நெனைக்கறேனுங்க."

ஆக, பழனிச்சாமி சொன்னதும் சரியில்லை. எனக்கு மனது லேசாகிவிட்டது. அந்த ஞாயிறு அவனைப் பற்றியே பேசினேன். எல்லோரும் கண் கலங்கினார்கள். சுகுணா போனை மறுபடி என் பக்கமாக வைத்தாள்.

அதோடு போயிருக்கும். நானும் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆனால் நேற்றுப் பேப்பரில் என்ன போட்டிருக்கிறார்கள் பார்த்தீர்களா? கரிச் சூட்டிலும் புகையிலும் பின்னறையிலிருந்த அரிய இசைத்தட்டுகள் எல்லாம் பாழாகிவிட்டனவாம். காலையிலிருந்து போன் மேல் போன். சூடு பட்டால் தட்டு அப்பளமாக வளைந்துவிடும் என்பது ஒரு கடைக்காரனுக்குத் தெரியாதா என்று ஒருவர் கேட்டேவிட்டார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டாமா? தயவுசெய்து நீங்களாவது சரியாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்த அலமாரியை நீங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லை. அதில் ஒரு தட்டுகூட இல்லை. வியாழக்கிழமையே ஆட்டோ பிடித்து அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துவிட்டேன்.