ஆட்சேபனை: வேண்டாம்

தான் செய்யாத குற்றத்துக்கு இரண்டு வாரமாக ஏச்சு வாங்கிக்கொண்டு, இன்றும் முகம் சுளிக்காமல் தலைமை வகிக்கும் எங்கள் தெருச் சங்கத் தலைவர் அவர்களே! ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் எங்கள் குரலைக் கேட்க வந்திருக்கும் நகர அலுவலக அதிகாரி அவர்களே! முன்வரிசைப் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனதில் கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்கும் அண்ணன் தம்பிகளே! மைக்கை என் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்த ஒலிபெருக்கிக்கார அண்ணனே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இப்போது ஆச்சரியமாக இருக்கும். "இந்தப் பொண்ணா பேசப் போகுது? கல்யாண வீட்டுல தண்ணி கேக்கக்கூட அம்மா காதுலதானே சொல்லும்?" என்று யாரோ சொல்வது இங்கே வரை கேட்கிறது. உண்மைதான் அத்தை. இன்று மைக்கிலேயே சொல்கிறேன்.

தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் கண்ணாடித் தொழிற்சாலை வளாகத்தில் ஒரு பேரங்காடி வரப்போகிறது. அதன் வரைபடத்தை நான் பார்த்தேன். அழகான கட்டடம். வாசல் எங்கே? பெரிய சாலையில். பூந்தொட்டி எங்கே? பெரிய சாலையில். சரக்கு லாரி நுழையும் கதவு எங்கே? நம் தெருவில்! முகம் அங்கே, முதுகு இங்கே. பத்தடித் தெரு இது. எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று யார் வீட்டுப் படியிலாவது ஏறித்தான் இறங்க வேண்டும். அந்தத் தெருவில் நாளொன்றுக்கு இருபது லாரி!

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பேரங்காடி ஒன்றும் பேய் அல்ல. படித்த காலத்தில் விடுமுறை தோறும் அப்படி ஒரு கடையில் பில் போட்டவள் நான். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. ஏன் தெரியுமா? அங்கே யாரும் யாருடனும் பேச வேண்டியதில்லை. கூச்சப்படுகிறவளுக்கு அதைவிடச் சொர்க்கம் ஏது? எட்டு மணி நேரம் பொருளைப் பார்ப்பேன், விலைப் பட்டையைப் பார்ப்பேன், திரையைப் பார்ப்பேன். வீட்டுக்கு வந்து யோசித்தால் ஒரு முகமும் நினைவில் இருக்காது.

என்னக்கா? "விலை குறையும்ல?" என்று கேட்கிறீர்கள். குறையும். இல்லை என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். விலை குறையும். அதோடு வேறென்ன குறையும்? என் கேள்வி அதுதான்.

அதற்கு ஒரு பூட்டின் கதை சொல்ல வேண்டும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் அப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது.

நான் பள்ளி முடித்த வருடம். கல்லூரியில் சேர மறுநாள்தான் கடைசி நாள். எங்கள் வீட்டில் அதுவரை கல்லூரி வாசலை மிதித்தவர் யாருமில்லை. அப்பாவுக்குப் பயம். அந்தப் பயம் கோபமாக வேடம் போட்டுக்கொண்டு வந்தது. "நாளைக்கு நீ வாசப்படி தாண்டுறதைப் பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே தெருமுனை மளிகை அக்கா கடைக்குப் போனார். தீப்பெட்டி வாங்கும் சாக்கில் அவரைத் தொடர்ந்து போன நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"ஒரு பூட்டு குடும்மா. பெருசா, வெளிக்கதவுக்கு."

மளிகை அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு மூட்டைக்குப் பின்னால் தெரிந்த என் பாவாடையைப் பார்த்தார். "பூட்டு இல்லண்ணே" என்றார்.

"உன் தலைக்கு மேலயே தொங்குதே!"

"அதுவா? அதுக்குச் சாவி தொலைஞ்சு போச்சு. சாவி இல்லாத பூட்டு பூட்டா அண்ணே? வெறும் இரும்பு. வேணும்னா எடைக்குப் போட்டுத் தரேன்."

அப்பா முறைத்தார். "எப்ப வரும்?"

"நாளை மறுநாள் வரும். அதுக்குள்ள உங்க வீட்டுல என்ன தங்கமா காணாமப் போயிரப்போகுது?"

பெரிய சாலையில் வேறு கடை இல்லையா? இருந்தது. ஆனால் கோபத்துக்குத் தெருமுனை வரைக்கும்தான் நடக்கத் தெம்பு உண்டு. அதற்கு மேல் கால் வலிக்கும். அப்பா வீட்டுக்குத் திரும்பினார். காலையில் கதவைச் சாத்தாமலே வேலைக்குப் போனார். நான் கல்லூரிக்குப் போனேன். இன்று இந்த மேடையில் நிற்கிறேன்.

நான் வேலை பார்த்த அங்காடியில் நாற்பது விதமான பூட்டு இருந்தது. எடுத்து வருகிறவர் எதைப் பூட்டப் போகிறார் என்று நான் ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்ததுண்டா? பொருளைக் கேட்டால் பொருளைத் தரும் கடைகள் ஆயிரம் உண்டு. ஆளைப் பார்த்து, "இல்லை" என்று சொல்லத் தெரிந்த கடை எத்தனை உண்டு?

இன்று அக்கா தன் கடையை மூடிவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். கடைக் கதவில் எந்தப் பூட்டு தொங்குகிறது என்று வரும் வழியில் பார்த்தேன். அதே பூட்டு! அதற்குச் சாவி இருக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. சிரிக்காதீர்கள், அப்பாவுக்கும் இப்போதுதான் தெரிகிறது!

சிரித்துவிட்டீர்கள். இனி நான் சொல்லப்போவதற்குச் சிரிப்பு வராது.

இரண்டு வாரத்துக்கு முன் நகர அலுவலகத்திலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. "தெருவாசிகள் அறுபத்திரண்டு பேரும் ஆட்சேபனை வேண்டாம் எனத் தெரிவித்துள்ளனர்." நாம் கொதித்தோம். "நம்ம படிவத்தையெல்லாம் கொண்டுபோய்க் குடுத்த தலைவர் விலை போயிட்டாரு" என்று குழாயடியில் பேசினோம். அவர் வீட்டுக் கதவில் கரியால் எழுதினோம்.

நேற்று அதிகாரி ஐயா அந்தப் படிவங்களைக் காட்டினார். அறுபத்திரண்டும் ஒரே கையெழுத்து. என் கையெழுத்து.

நினைவிருக்கிறதா தையல் மாமா? "நீதான் படிச்ச பொண்ணு, நீயே எழுதிக் குடு" என்று எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். "ஆட்சேபனைன்னா என்னம்மா?" என்று நீங்கள் கேட்டீர்கள். "கடை வேணுமா, வேண்டாமான்னு கேக்குறாங்க மாமா" என்றேன். "வேண்டாம்னு போடு!" என்றீர்கள். படிவத்தில் 'ஆட்சேபனை' என்று அச்சிட்டுப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டில், முத்து முத்தான எழுத்தில், அறுபத்திரண்டு முறை 'வேண்டாம்' என்று எழுதினேன்.

ஆட்சேபனை: வேண்டாம்.

நாம் வேண்டாம் என்றது கடையை. தாளில் வேண்டாம் என்றானது நம் ஆட்சேபனை. யாரும் விலை போகவில்லை. யாரும் துரோகம் செய்யவில்லை. தெருவின் முதல் பட்டதாரி, எழுதியதை ஒரு முறை திரும்பப் படித்துக் காட்டவில்லை. அவ்வளவுதான். தலைவர் ஐயா, உங்கள் கதவில் உள்ள கரியை நாளைக் காலை நானே வந்து கழுவுகிறேன். என்னை மன்னியுங்கள்.

திட்டுவதானால் திட்டுங்கள். ஆனால் ஆறு மணிக்குள் திட்டி முடித்துவிடுங்கள்! ஏனென்றால் ஆறு மணி வரை புதிய படிவங்களை வாங்கிக்கொள்வதாக ஐயா சம்மதித்திருக்கிறார். ஒரே நிபந்தனை: ஒவ்வொருவரும் தங்கள் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும். இப்போது மணி நாலரை.

சொந்தச் சொல்லா நமக்கு இல்லை? லாரி வரும் தெருவில் என் பிள்ளை எப்படி நடக்கும் என்று எழுதுங்கள். என் முகம் பார்க்கும் கடை எனக்கு வேண்டும் என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். இந்த முறை ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குவேன்.

என்னப்பா, ஏன் எழுந்துவிட்டீர்கள்? ... என் அப்பா சொல்வது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டதா? "மொதத் தாளை எனக்குக் குடு. கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனுக்கு நாலு வரி எழுதத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுத்துக் கூட்டிச் சொல்லு."

சொல்கிறேன் அப்பா. எழுதுங்கள். ஆ... ட்... சே... ப... னை.

அதற்குப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும்? எல்லோரும் சொல்லுங்கள்! இன்னும் உரக்க! ஜன்னலோரம் நிற்பவர்களும்!

உண்டு.

என் பிழையைப் பொறுத்து, என் பேச்சைக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்லி அமர்கிறேன். இல்லை, அமரவில்லை. பேனாவோடு கீழே வருகிறேன். வணக்கம்.