நாள் பூரா உட்கார்ந்தவள்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய ஸ்ரீரங்கம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் இடம் காலியானது. ஜவுளிக்கடை சீருடைப் புடவையில் நின்றிருந்த பெண் அதில் உட்காரவில்லை. ஜன்னலோரம் இருந்த அக்கா, தெரிந்தவள் போலும், அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இருக்கட்டும்க்கா. நாள் பூரா உக்காந்துதான் இருந்தேன்.”

“ஜவுளிக்கடையிலயா?”

“உக்கார எடம் குடுக்கணும்னு சட்டமே வந்துருச்சேக்கா. எங்க கடையிலயும் ஸ்டூல் போட்டாங்க. மொதல்ல அதுமேல புடவையை அடுக்கி வெச்சிருந்தாங்க. ஆபீசர் வந்து பாத்தப்புறம்தான் காலியாச்சு.”

“வர்றவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?”

“மொதலாளியும் அதுக்குத்தான் பயந்தாரு. நேத்து ஒரு அம்மா, ‘நீயும் உக்காரும்மா, தலைக்கு மேல நின்னா என்னைய வெரட்டுற மாதிரி இருக்கு’ன்னாங்க. நிதானமாப் பாத்து மூணு புடவை எடுத்தாங்க. இன்னிக்கு மொதலாளியே ‘உக்காரும்மா’ங்கறாரு.”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று வந்தது.

“வீட்டுக்குப் போனா அடுப்படியில நின்னுதானடி ஆகணும்?”

“அங்கயும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுட்டேன்.”

“உக்காந்துக்கிட்டா சமைக்கிற?”

“நானா? எங்க வீட்டுக்காரரு அடுப்படி வாசல்ல நின்னு ‘ஆச்சா, ஆச்சா’ம்பாருல்ல? இப்ப அதுல உக்காந்து வெங்காயம் உரிக்கிறாரு.”