ரெண்டு சட்டி சிமெண்ட்

ஒரு சின்ன சம்பவம் சொல்றேன், பெத்தவங்க எல்லாரும் கேளுங்க. செல்போனைக் கொஞ்சம் உள்ளே வைங்க சார்... ஆமா, உங்களைத்தான்.

பியூலான்னு ஒரு இன்ஜினியர். கால்வாய்க்கு ஒரு நடைபாலம் கட்டணும். வழக்கமா போடுற சிமெண்டுல பாதியைக் குறைச்சு, அனல்மின் நிலையத்துச் சாம்பலும் சுட்ட களிமண் தூளும் சேர்த்து, மெல்லிசான நார் இழைகளையும் கலந்து, சோதனைக்கு ரெண்டு பலகை வார்த்தாங்க. பட்டுன்னு உடையாத, வளையுற கான்கிரீட்! அதிகாரி சொல்லிட்டாரு: "இருபத்தஞ்சு மணல் மூட்டை ஏத்திப் பாப்போம். தாங்குச்சுன்னா பாலம். இல்லேன்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

முதல் பலகை. மூட்டை ஏறுது. பத்து... பதினொண்ணு... டமார்! ரெண்டாப் போச்சு. பியூலாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மூணு வருஷ உழைப்பாச்சே!

அப்போ கொத்தனார் ஆவுடையப்பன் முன்னால வந்தாரு. "யம்மா... தப்பு என்மேல. நீங்க சாப்பிடப் போனப்ப இதுல ரெண்டு சட்டி சிமெண்ட் கூடக் கொட்டிட்டேன்."

"ஏன் அண்ணாச்சி?"

"என் மவ இந்தப் பாலத்துலதாம்மா பள்ளிக்கூடம் போவணும். சாம்பலை நம்பி அனுப்ப மனசு வரல. கூடப் போட்டா நல்லதுதானேன்னு..."

பாத்தீங்களா? சிமெண்டைக் குறைச்சு மாட்டினவங்க உண்டு. கூடப் போட்டு மாட்டின ஆளு இவர் ஒருத்தர்தான்! திருட்டு இல்லைங்க... பாசம்.

பியூலா கோபப்படல. "சிமெண்ட் கூடினா நார் இழையை அசையவிடாம இறுக்கிக்கும் அண்ணாச்சி. சாம்பல் கொஞ்சம் விட்டுக்குடுக்கும். அப்பத்தான் நாரு இழுபட்டு இழுபட்டுப் பாரம் தாங்கும்."

ரெண்டாவது பலகையில ஆவுடையப்பன் கை வைக்கலன்னு கேட்டு, அதையும் ஏத்திப் பாக்க அதிகாரி ஒத்துக்கிட்டாரு. பத்து... பதினஞ்சு... இருபது... பலகை தொய்யுது. அடியில மயிரிழை மாதிரி விரிசல். ஆவுடையப்பன் பதறுறாரு: "யம்மா, விரிசல் விடுது! இறக்கச் சொல்லுங்க!"

"விடட்டும் அண்ணாச்சி. சின்னச் சின்னதா விடுறதாலதான் மொத்தமா உடையாம நிக்குது."

இருபத்தஞ்சு மூட்டை. உடையல! அதிகாரி கையெழுத்துப் போட்டாரு. இன்னைக்கு அந்தப் பாலத்துல ஆவுடையப்பன் மக சைக்கிள்ல போறா.

நாம என்ன செய்யிறோம்? பிள்ளை நல்லா வரணும்னு இன்னொரு டியூஷன்... இன்னொரு அதட்டல். ஒரு மார்க் குறைஞ்சா வீட்டுல யாருக்கும் சோறு இறங்காது! பாசம்தான், இல்லேங்கல. பிள்ளையும் கல்லு மாதிரி நிக்கும். திடீர்னு ஒருநாள்... அதுக்கப்புறம் அழுது என்ன பண்ண?

தோக்கட்டுமே. அழட்டுமே. "என்னால முடியலப்பா"ன்னு உங்க மடியில வந்து விழட்டுமே! இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், கையில தூக்கிவெச்சிருக்கிற அந்த ரெண்டு சட்டியைக் கீழ வெச்சிருங்க... பிள்ளையைப் பிடிக்க உங்களுக்குக் கை வேணும்.