எலாதியோவின் முழங்கை

— உங்களைக் கேக்காம படம் எடுத்தது தப்புதான், டான் எவரிஸ்தோ. என்னை அப்புறமா திட்டுங்க. முதல்ல உங்க பேரனோட முழங்கையைப் பாருங்க.

— என் வீட்டுப் பையனை எக்ஸ்ரே மெஷின் முன்னால நிறுத்த நீ யாரு, ஃபெர்மீன்? பேஸ்பால் கத்துக்குடுன்னுதான் உன் மைதானத்துக்கு அனுப்பினேன்.

— அதைத்தானே செஞ்சேன். ஆளும் உயரம், கையும் நீளம். எலாதியோ மாதிரி எறியுறவன் இந்த சான் பெத்ரோ ஊர்லயே கிடையாது. ஆனா மூணு வாரமா எறியுறப்ப முழங்கை தோளுக்குக் கீழ தொங்குது. இடுப்பு திரும்புறதுக்கு முன்னாடியே நெஞ்சைத் திருப்பிடுறான். வலியை மறைக்கிறவன்தான் அப்படி எறிவான். நேத்து தண்ணி பாட்டில் மூடியைத் திருகத் தெம்பில்லாம பல்லால கடிச்சுத் திறந்தான்.

— எங்க மார்த்தே வீட்டு ஆம்பளைங்க கரும்பு வெட்டினவங்க. விரல் போனாக்கூட துணியைச் சுத்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் வெட்டினோம். கை வலிக்குதுன்னு எவனும் சொன்னதில்ல.

— அவனும் சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— சனிக்கிழமை அமெரிக்கா டீமுக்கு ஆள் எடுக்கிறவங்க வர்றாங்க. பதினாறு வயசாயிருந்தா அன்னிக்கே கையெழுத்து வாங்கிடுவாங்க. பாதிரியார்லேர்ந்து மீன்காரி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். அவன் எறியலைன்னா நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தெருவுல நடக்கிறது?

— நியாயமாச் சொல்லுங்க, நான் அவனைக் கசக்கிப் பிழிஞ்சேனா? மத்த மைதானத்துல ஒருத்தன் எத்தனை பந்து எறியுறான்னு யாரும் எண்ணுறதே இல்ல. நான் எண்ணுறேன். பதினாறு வயசுக்காரன் எத்தனை எறியலாமோ அதுக்கு மேல ஒரு பந்து விட்டதில்ல. வளைஞ்சு போற பந்து, கனமான பந்து எல்லாம் எலும்பு முத்தின கைக்குத்தான். சின்னப் பசங்களைத் தொடவே விடமாட்டேன்.

— உன்னைத் தப்பு சொல்லலியே.

— அப்ப ஏன் இப்படி ஆச்சு? டாக்டருக்கே புரியல. முழங்கையோட உள்பக்கத்துல எலும்பு நுனி இன்னும் ஒட்டவே இல்லையாம், பதினாறு வயசுல ஒட்டியிருக்கணுமாம். தசை இழுத்து இழுத்து அது பிஞ்சு நிக்குதாம். இன்னும் ஒரு நாள் வேகமா எறிஞ்சா மொத்தமாக் கழண்டுடும், அப்புறம் ஆயுசுக்கும் கையை நீட்ட முடியாதுங்கிறார். படம் மாறிப்போச்சு, இது ஏதோ பொடியனோட கை, எலாதியோவை மறுபடி கூட்டிட்டு வாங்கன்னு சொல்றார்.

— வேண்டாம்.

— பத்து நிமிஷ வேலை.

— வேண்டாம்னு சொன்னேன். படம் மாறிப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டார்ல? அப்ப என் பையன் கை நல்லா இருக்கு. கிளம்பு.

— எடுக்கிறப்ப நான் பக்கத்துலயே நின்னேன், டான் எவரிஸ்தோ. படம் மாறல. அவனோட பிறப்புச் சீட்டை நீங்கதான் என் கையில கொடுத்தீங்க. அதை நம்பித்தான் இத்தனை நாளா பந்தை எண்ணினேன். நியாயமாச் சொல்லுங்க, அந்தச் சீட்டுல என்ன திருத்தினீங்க?

— கதவைச் சாத்து. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

— சாத்திட்டேன். சொல்லுங்க.

— மார்த்தே வீட்டுல எவனும் பத்திரத்தைத் திருத்தமாட்டான். அதுல ஒரு எழுத்தைக்கூட நான் தொடல. காய்ச்சல்ல போன பிள்ளையோட சாவை ஆபீஸ்ல எழுதி வைக்கல, அவ்வளவுதான். எலாதியோ செத்து நாலு வருஷம் ஆச்சு, ஃபெர்மீன். உன்கிட்ட எறியுறவன் அவன் தம்பி. வர்ற மாசம்தான் அவனுக்குப் பதிமூணு முடியுது.