போன கப்பல்கள்

கல்கத்தா துறைமுகப் பக்கம் போகும் கிடர்பூர் டிராமில் என் முன்சீட்டுப் பெண், பக்கத்திலிருந்தவரிடம் தமிழில் சொன்னாள்: "போன கப்பலெல்லாம் இன்னும் உள்ளேயே நிக்குது, ரகு."

"எதுக்குள்ள?"

"துறைமுகத்துக்கு நாம எழுதின கப்பல் கணக்கு புரோகிராமுக்குள்ள. தப்பு கண்டுபிடிக்கற டீபக்கர் போட்டு, ஓடறதை நடுவுல நிறுத்தி மெமரியைப் பார்த்தேன். ஒரு கப்பல் வந்தா அதோட விவரத்துக்கு மெமரியில இடம் எடுத்துக்குது. அது போனப்புறமும் இடத்தை விடறதில்ல. அதான் தினம் மூணு மணிக்கு மெமரி ரொம்பி புரோகிராம் நின்னுடுது."

"இன்னிக்கும் நின்னா கம்ப்யூட்டரே வேண்டாம்னுட்டார் மேனேஜர் பாபு. நம்ம ரெண்டு பேர் வேலையும் போயிடும்."

"நிக்காது. போன கப்பலோட இடத்தை விடச் சொல்லி ஒரே ஒரு வரி சேர்த்தா போதும்."

"அதை எழுதாம விட்ட மடையன் யாரு?"

"நான்தான். மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கறேன். முதல்ல சரிபண்ணலாம், வா."

சிரித்துக்கொண்டே எழுந்தாள். டிராம் முழுதாக நிற்குமுன் இருவரும் இறங்கி ஓடினார்கள்.